மௌனம் சம்மதம் ஆகாது

ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் முதுமை எய்தியோரைப் பராமரிக்க இல்லங்கள் வேண்டும் என்ற குரல் வலுத்து வருகின்றது. இக்குரலை நாம் வரவேற்கின்றோம். இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் மத்திய கிழக்கு நாட்டு வீடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, லயத்துக் காம்பராவில் முதியவர் தனித்து விடப்படுவது பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் அன்றாடக் காட்சியாகிவிட்டது. ஆனால், இல்லம் ஒன்று திறக்கப்பட்டதும் கடமை முடிந்தது என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். நாடா வெட்டப்படுகின்றது, மாலை சூட்டப்படுகின்றது, பத்திரிகையில் படம் வருகின்றது. அதன் பின், அங்கே முதியவர் எப்படி வாழ்கின்றார் என்று கேட்பார் இல்லை. அக்கேள்வியையே இவ்வாரம் நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

சில காலத்துக்கு முன் இம்மாகாணத்து இல்லம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். பெயர் வேண்டியதில்லை, ஒன்றைச் சுட்டிப் பழிப்பது நம் நோக்கமன்று. முற்றம் பெருக்கப்பட்டிருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டிருந்தது. வருகைப் புத்தகத்தில் பெரியோர் யாவரும் புகழ்ந்தே எழுதியிருந்தனர். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த மூதாட்டி ஒருவரிடம், "ஏதாவது குறை இருக்கா, பாட்டி?" என்று கேட்டோம். "ஒரு கொறையும் இல்லைங்கய்யா, நல்லாப் பார்த்துக்கிறாங்க" என்றார். சொல்லும்போது அவர் கண்கள் நம்மைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தன. அவர் அப்பால் சென்றதும் மூதாட்டி போர்வையை விலக்கிக் காட்டினார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு படுக்கைப்புண். "யாருகிட்டயும் சொல்லிறாதீங்கய்யா. இங்கயும் இல்லைன்னா நான் எங்க போவேன்?" என்றார்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது உலக வழக்கு. அச்சத்தின் கீழ்க் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்பதோ சட்டம் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். போக்கிடம் அற்றவரின் "குறையில்லை" என்ற சொல்லைச் சான்றாகக் கொண்டு ஓர் இல்லத்துக்கு நற்சாட்சி வழங்குவது அறமும் அன்று, அறிவும் அன்று.

அச்சம் எங்கிருந்து வந்தது?

பெருந்தோட்டம் ஆளை வேலையால் அளந்த அமைப்பு. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும் அதனோடு வந்த நோய்த் தடுப்புச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கு விதி செய்தன. கைக்குழந்தைக்குப் பிள்ளை மடுவம் வந்தது. கருவுற்றவளுக்குப் பிரசவ அறை வந்தது. காய்ச்சல்காரனுக்குத் தோட்டத்து மருந்துச்சாலை வந்தது. இவை போதுமானவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று இருந்தது. ஏனெனில் பிள்ளை நாளைய தொழிலாளி. தாய் இன்றைய தொழிலாளி. முதியவருக்கோ செக்ரோலில் பேர் வெட்டப்பட்ட நாளோடு எல்லாம் முடிந்தது. இஸ்தோப்பின் மூலையும் ஒரு கம்பளியுமே அவருக்கு எஞ்சியவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரைகள் மாறினர், இந்தக் கணக்கு மாறவில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோர் இன்றைய முதியோரில் உளர். ஆயுளின் பெரும்பகுதியில் "நீ யார்?" என்று கேட்கப்பட்டவர், "எனக்கு இது வேண்டும்" என்று கேட்கத் துணிவாரா?

பொருளாதார நிலையும் இந்த அச்சத்தையே வளர்க்கின்றது. அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. விவசாயிக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓர் ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்கூலி பெறுவோருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் கூலி என்ற கணக்கிலான பணிக்கொடையும் போன்றவையே. ஒரே முறையில் கைக்கு வரும் அப்பணம் மகளின் கலியாணத்திலும் பழைய கடனிலும் கரைந்துவிடுகின்றது. பின்னர் இல்லத்துக்கு வரும்போது அவர் கட்டணம் செலுத்துபவராக வருவதில்லை; தருமம் பெறுபவராக வருகின்றார். தருமச் சோறு உண்பவன் உப்புக் குறைவென்று சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தருமத்தைப் பேசவில்லை, உரிமையைப் பேசுகின்றது. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்கின்றது. பிள்ளைகளற்ற, அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் வழங்குதல் அரசின் கடமை என்கின்றது. முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. நன்று. ஆனால் பதிவு என்பது கதவு. கதவைத் திறந்து உள்ளே யார் பார்ப்பது?

இங்கிலாந்தில் பீற்றர் ரவுன்சென்ட் என்ற சமூகவியலறிஞர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் இல்லங்களை ஆராய்ந்து 1962இல் நூலொன்று வெளியிட்டார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பழைய ஏழை விடுதிகள் பல, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு முதியோர் இல்லங்களாக நடந்து வந்ததை அந்நூல் அம்பலப்படுத்தியது. 1966இல் பெய்ரூட்டிற் பிறந்த அறிஞர் அவேதிஸ் தொனபேதியன் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளக்க மூன்று வினாக்களை வகுத்தார்: என்ன வசதி இருக்கின்றது? என்ன செய்யப்படுகின்றது? அதனால் நோயாளிக்கு விளைந்தது என்ன? நாம் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றோம். கட்டிலை எண்ணுகின்றோம், கட்டிலில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்களா என்று கேட்பதில்லை. வெலிமடைக் கமக்காரர் எவரேனும் சாக்கின் அழகைப் பார்த்துக் கிழங்கு வாங்குவாரா?

எவற்றைப் பார்க்க வேண்டும்?

மருத்துவம் கற்காதவரும் பார்க்கக்கூடியவை பல உள. முதலாவது, படுக்கைப்புண். எழ இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும் என்பது தாதியரின் பழைய விதி. பெரும்பாலான படுக்கைப்புண்கள் தடுக்கக்கூடியவை. ஆதலால், ஓர் இல்லத்தில் அவை மீண்டும் மீண்டும் தோன்றினால் அவ்வில்லத்தின் இரவுக் கணக்கில் பிழையுண்டு. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். பகலில் நால்வர் நின்று, இரவில் ஒருவர் உறங்கும் இல்லம் பாதி இல்லமே.

இரண்டாவது, நிறை. மாதந்தோறும் நிறுத்து எழுதுகின்றார்களா? நாற்பது கிலோ நிறையுள்ள மூதாட்டி ஒரே மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அது எச்சரிக்கை. பல்லற்றவர் முன் கடினமான ரொட்டியை வைத்து, அவர் தொடாதபோது எடுத்துச் சென்று, "உணவு வழங்கப்பட்டது" என்று எழுதுவது பராமரிப்பு ஆகாது.

மூன்றாவது, கட்டிவைத்தல். விழுந்துவிடுவார் என்று கட்டிலோடு கையைப் பிணைப்பதும், தொந்தரவு செய்கின்றார் என்று தூக்க மருந்து கொடுப்பதும் முதியவரின் நன்மைக்கா, ஊழியரின் வசதிக்கா? அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட சட்டமொன்று ஊழியரின் வசதிக்காக இவற்றைச் செய்தலாகாது என்று விதித்தது.

நான்காவது, மொழி. இதனை நாம் அழுத்திக் கூறுகின்றோம். வலிக்கு மொழி உண்டு. "குத்துகிறது", "கடுக்கிறது", "எரிகிறது" என்பன வெவ்வேறு நோய்களைச் சுட்டும் சொற்கள். தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் தமிழறியாத ஊழியரிடம் முனகத்தான் முடியும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. அவ்வுரிமை நள்ளிரவில் தண்ணீர் கேட்கும் கிழவிக்குப் பயன்படவில்லையெனில் வேறு யாருக்குப் பயன்பட? சிங்கள ஊழியரை நாம் குறை கூறவில்லை. அன்புடன் பணி செய்வோர் அவர்களில் ஏராளம். ஒவ்வொரு முறைப்பணியிலும் தமிழறிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஒரு மறுப்புக்கு விடை

பெற்றோரை இல்லத்தில் விடுவது தமிழ்ப் பண்பாகுமா என்று கேட்போர் உளர். குவைத்தில் பிறர் வீட்டுக் குழந்தையைத் தாலாட்டி, மாதந்தோறும் பணம் அனுப்பும் மகளிடம் இக்கேள்வியைக் கேட்பது எளிது. விடை தருவது கடினம். மேலும், இந்தக் கூச்சமே தரங்குறைந்த இல்லங்களுக்கு அரணாகின்றது. ஊரார் அறியாமல் கொண்டுபோய் விட்டவர் ஊரார் அறியப் போய்ப் பார்ப்பதில்லை. போய்ப் பார்க்க ஆளில்லாதவருக்கே புண் ஆறாமல் நிற்கின்றது. இது தோட்டத்து மக்களின் பிரச்சினை மட்டுமன்று. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் படித்த குடும்பங்களும், மண்ணைக் கொத்தி முதுகு வளைந்த விவசாயிகளும் நாளை தட்டப்போவது இதே கதவைத்தான்.

செய்ய வேண்டியவை

இல்லங்கள் முன்னறிவித்தலின்றி, இரவிலும், தமிழறிந்த தாதி ஒருவர் அடங்கிய குழுவால் பரிசோதிக்கப்படல் வேண்டும். அறிக்கை வாசற்சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படல் வேண்டும். முதியவரின் உழைப்பால் இலாபம் ஈட்டிய கம்பனிகளும் அரசும் பராமரிப்புச் செலவில் தலைக்கு இவ்வளவு என்று பங்கேற்றல் வேண்டும். அப்போதுதான் அது தருமம் என்ற பெயர் நீங்கி உரிமை என்ற பெயர் பெறும். ஊவா மாகாண சபைக்கு 2014இல் தேர்தல் நடந்தது. அச்சபையின் காலம் 2019இல் முடிந்தபின் பல்லாண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் கையிலேயே நிருவாகம் இருந்தது. கேள்வி கேட்கச் சபை இல்லாத காலத்தில் மக்களே கேள்வி கேட்டல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி வைத்துள்ளது. பரிசோதனை அறிக்கையின் பிரதியைக் கோரி அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதினால், பதினான்கு வேலை நாட்களுள் முடிவு தெரிவித்தல் வேண்டும். படித்தவர்கள் எழுதட்டும், எழுதத் தெரியாதவருக்கும் எழுதிக் கொடுக்கட்டும்.

இவை யாவற்றினும் முதன்மையாக, ஒவ்வோர் இல்லத்திலும் முதியோரும் உறவினரும் தெரிந்தெடுத்த குழுவொன்று வேண்டும். இது புதுமையன்று. 1940ஆம் ஆண்டு பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாம் தெரிந்தெடுத்த குழுவோடு துரை கலந்து நடக்க வேண்டும் என்ற கோரிக்கையை வென்றனர். வாக்குரிமைக்கும் குடியுரிமைக்கும் போராடி நொந்த காலத்தில், துரையின் முகத்தைப் பார்த்துப் பேசிய அந்த மக்களின் பிள்ளைகளே இன்று கட்டிலிற் கிடக்கின்றனர். மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்துப் பயந்து பேசும் நிலையில் அவர்களை விட்டுவைப்பது நமக்கு இழுக்கு.

அடுத்த முறை இல்லத்துக்குச் செல்லும் அன்பர்கள் வருகைப் புத்தகத்தில் கையெழுத்திடுமுன், யாரேனும் ஒரு முதியவரின் அருகே அமர்ந்து, மேற்பார்வையாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள். அதன் பின் எழுதுங்கள்.