அடுப்படியில் ஐந்தாவது ஆள்

மாதாமாதம் மூன்றாவது சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு ஹாலில் 'கட்டான்' நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மனியில் பல் செட் செய்யும் லேப் வைத்திருந்த கிளாஸ் டாய்பர் என்பவர் உருவாக்கி, 1995-ல் வெளியான போர்டு கேம். ஒரு தீவு. செங்கல், மரம், கம்பளி, தானியம், தாது என்று ஐந்து சரக்கு. பண்டமாற்று பண்ணி, ரோடு போட்டு, ஊர் கட்டி, முதலில் பத்து பாயிண்ட் எடுப்பவர் ஜெயித்தார். பி.காம். படித்தவனுக்கு இதைவிட வேறென்ன சார் வேண்டும்?

வேண்டியது ஒன்று உண்டு. சாப்பாடு. ஓட்டல் பார்சலில் வயிறு கெட்டது போதும், ஆட்டத்தோடு நல்ல வீட்டுச் சாப்பாடு என்று முடிவெடுத்தபோது நாங்கள் நாலு பேரும் எங்களையே மெச்சிக்கொண்டோம். இரண்டு வருஷம் ஓடியது. அடை, அவியல், ரவா தோசை. "அண்ணி கை மணமே தனி" என்று நண்பர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். நான் ஏதோ நானே சமைத்த மாதிரி நெளிவேன்.

ஒருநாள் என் மனைவி தோசைத் திருப்பியோடு வந்து நின்று, போர்டைக் காட்டி, "ஏங்க, இந்த பொம்மை எதுக்கு?" என்று கேட்டாள்.

அது திருடன். பகடையில் ஏழு விழுந்தால் அவனை நகர்த்த வேண்டும். ஆட்டத்தின் அரிச்சுவடி அதுதான். அவள் வீட்டில், அவள் தினம் துடைக்கிற மேஜை மேல் இரண்டு வருஷமாக நடக்கிற ஆட்டம். பதில் சொல்ல வாயெடுத்தேன். கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது. போய்விட்டாள்.

எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. கட்டான் பெட்டியில் நாலு பேருக்குத்தான் காய் இருக்கும். ஐந்து, ஆறு பேர் ஆட இன்னொரு பெட்டி தனியாக விற்கிறார்கள். இரண்டு வருஷத்தில் எவனுக்கும் அதை வாங்கத் தோன்றவில்லை!

"அவங்களுக்கு சமைச்சுப் போடறதுலதான் சார் சந்தோஷம்" என்பீர்கள். தெரியும், நானும் சொல்லியிருக்கிறேன். எப்போதாவது கேட்டுப் பார்த்தீர்களா? 'காபி போடட்டுமா, இல்லை ஆட வர்றியா' என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடுவது நம்மூர் வழக்கம். எங்கள் பாட்டி விடிய விடிய சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாம்பு கடித்தால் கத்தி, ஏணி கிடைத்தால் சிரித்து ஆடியதை நான் பார்த்தது வருஷத்தில் அந்த ஒரு ராத்திரிதான். ஏன் என்று யோசித்ததில்லை. இப்போது புரிகிறது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை! அடுப்புக்கு லீவு. விடிந்தால் துவாதசி, பாரணை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். அதற்கு நாலு மணிக்கே எழுந்து போனவளும் அவள்தான், தானும் பட்டினி கிடந்துவிட்டு. மற்ற நாளில் மத்தியானம் பல்லாங்குழி ஆடுவார்களே என்பீர்கள். ஆடுவார்கள், மூணு மணி காபி வரைக்கும்.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரி 289 நிமிஷம். ஆண்கள் 88. அதுவும் வேலை செய்கிற ஆண்களின் சராசரி. துரும்பைக் கிள்ளிப் போடாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. முதல் போடாமல் உழைப்பை மட்டும் போடுகிற பார்ட்னருக்கும் லாபத்தில் பங்கு உண்டு என்று காலேஜில் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

சரி, ஆர்டர் பண்ணிவிடலாமா? அது தப்பித்தல். பெல் அடிக்கும், ஒருவன் எழுந்து ஓடுவான், பிளாஸ்டிக் டப்பா, ஆறிப்போன நான். வீட்டில் ஆக்கியதைப் பகிர்ந்து தின்னும்போது தோற்றவனுக்குக்கூடக் கோபம் தணிகிறது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. விட வேண்டியது தோசையை.

ஆமாம், தோசைதான் வில்லன். ஒவ்வொன்றாக வார்க்க வேண்டும், சுடச்சுடப் போட வேண்டும். வார்ப்பவர் மற்றவர்களோடு உட்கார வழியே இல்லை. அடை, பூரி, பஜ்ஜி எல்லாம் இதே ஜாதி. போதாததற்கு எண்ணெய்க் கை பட்டு கார்டெல்லாம் பிசுக்கு. புளியோதரையைப் பாருங்கள். மத்தியானம் கிளறி வைத்தால் ராத்திரிக்கு ஊறி இன்னும் நன்றாக இருக்கும். தயிர் சாதம், சுண்டல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு ஸ்பூன். ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் எல்லோரும் மேஜையில்.

இரண்டாவது பெட்டி வாங்கியாயிற்று. ஐந்து பேர் ஆடுகிறோம். மூன்றாவது ஆட்டத்திலேயே என் கோதுமை வயல் மேல் அந்தத் திருடனைக் கொண்டுவந்து வைத்தாள், ஈவிரக்கமே இல்லாமல்.

சாப்பாடு இப்போது முறை வைத்து. ஆளுக்கொரு மாதம், அவரவர் வீட்டில் சமைத்து எடுத்து வர வேண்டும். முதல் மாதம் என் உப்புமா. அதைப் பற்றி எழுத இடமில்லை. போன மாதம் ஒரு நண்பர் தூக்கு நிறைய புளியோதரை கொண்டுவந்தார். பிரமாதம். எல்லோரும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டோம். என் மனைவி சாப்பிட்டுக்கொண்டே, "வெந்தயத்தை வறுத்துப் பொடி பண்ணிப் போட்டீங்களா, தாளிக்கும்போதே போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தார்.