நிலப்படச் சோதிடர்கள்

ரஷ்யா உடையும் என்கிறார்கள். சீனா சிதறும் என்கிறார்கள். அமெரிக்கா இரண்டாகும், ஐரோப்பா இருபதாகும் என்கிறார்கள். சொல்பவர்கள் படித்த இளைஞர்கள்தாம்! ஜாதகக் கட்டத்தைக் கிழித்தெறிந்துவிட்டோம் என்று மார்தட்டும் தோழர்கள், உலகப்படத்தை விரித்துவைத்து அதிலே ராசி பார்க்கிறார்கள். எந்த நாட்டுக்குச் சனி திசை, எந்த வல்லரசுக்குக் குரு பார்வை என்பதே பேச்சு. கிளி இல்லை, கூண்டு இல்லை. ஆரூடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

திருவேட்டக்குடிக் கரையில் வாழும் நமக்கு இந்த விளையாட்டு இனிக்கவில்லை. வல்லரசுகள் மோதினால் நிலப்படம் என்னாகும் என்பதைப் பட்டறிந்த மண் இது. வடக்கே தரங்கம்பாடி டென்மார்க்குக்காரரிடம் இருந்தது. 1845இல் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த மரியாதையும் மக்களுக்கு இல்லை!

காரைக்காலோ, 1739இல் தஞ்சை அரியணைச் சண்டையின் ஊடே பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிடைத்தது. 1760இல் ஆங்கிலேயன் பிடித்தான்; 1763இல் பாரிசிலே கையெழுத்திட்டுத் திருப்பித் தந்தான். 1778இல் மீண்டும் பிடித்தான், தந்தான். 1793இல் மீண்டும் பிடித்தான், 1817இல்தான் தந்தான். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு தலையிட்டது, இங்கே கொடி மாறிற்று. பாரிசிலே புரட்சி வெடித்துப் போர் மூண்டது, இங்கே கொடி மாறிற்று. நாற்று நட்டவனையும் வலை வீசியவனையும் எவன் கேட்டான்?

பிரெஞ்சு ஆட்சி அகன்ற கதையும் பாடம்தான். போராடியவர்களின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தேதிகளைப் பாருங்கள். 1954 மே 7இல் வியத்நாமில் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகியும், அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஏற்காது இழுத்தடித்தது. 1962 சூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16இல் நமது காகிதம் செல்லுபடியாயிற்று! கண்காணாத நாட்டு உழவர்கள் சிந்திய குருதிக்கும் நமது விடுதலையில் பங்குண்டு.

கீழூரில் வாக்களித்தவர்கள் எத்தனை பேர்? 178 பிரதிநிதிகள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. முடிவு சரியே, இந்தியாவோடு இணைந்ததில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் 1949இல் வங்கத்துச் சந்திரநாகூர் மக்களிடம் நேரடியாகக் கேட்ட கேள்வியை, காரைக்கால் மக்களிடம் கேட்கவில்லையே, ஏன்?

உடைவதெல்லாம் தீது என்று நாம் கூறவில்லை. 1970 தேர்தலில் கிழக்கு வங்கம் அளித்த தீர்ப்பைப் பாகிஸ்தான் இராணுவம் பூட்சுக் காலால் மிதித்தது. 1971இல் வங்கதேசம் பிறந்தது. வங்கக் கடலுக்கு அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. சோவியத் ஒன்றியத்தின் கதை வேறு. 1991 மார்ச்சில் வாக்களித்தவர்களில் முக்கால் பங்கினர் ஒன்றியம் நீடிக்கட்டும் என்றார்கள். ஆறு குடியரசுகள் அவ்வாக்கெடுப்பையே புறக்கணித்தன. டிசம்பர் 1இல் உக்ரைன் மக்கள் பெருவாரியாகப் பிரிவுக்கு வாக்களித்தார்கள். ஒரு வாரம் கழித்து மூன்று தலைவர்கள் காட்டு மாளிகையொன்றில் கூடி ஒன்றியத்துக்கு முடிவெழுதினார்கள். அன்று பிறந்த எல்லையொன்றின்மீது 2022 பிப்ரவரியில் டாங்கிகள் ஏறின. இத்தனை சிக்கலையும் 'உடையும்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது பகுத்தறிவா, பஞ்சாங்கமா?

சீனா எப்போது சிதறும் என்று நாள் குறிக்கும் தோழரே, நம் வாசலுக்கு வாருங்கள். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் போய்விட்டது. 1974லும் 1976லும் டில்லியும் கொழும்பும் ஒப்பந்தமிட்டு இந்தக் கடலிலே கோடு கிழித்தன. அந்தக் கோட்டைத் தாண்டினான் என்று காரைக்கால் மீனவனைப் படகோடு பிடித்துச் செல்கிறார்கள். கோடு கிழிக்குமுன் எந்தக் குப்பத்திலே கருத்துக் கேட்டார்கள்? நிலப்படத்தைச் சற்றே மடித்து வைத்துவிட்டு, இதை விசாரித்துச் சொல்லுங்கள்.