செடிக்குளத்தில் கோய் கெண்டை

வீட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையில் சிறு குளம் வெட்டி, அதில் அல்லியும் தாமரையும் நட்டு, அவற்றினிடையே கோய் என்னும் வர்ணக் கெண்டைகளை விட்டு வளர்க்கும் வழக்கம் நகரங்களிலும் பண்ணை வீடுகளிலும் பரவி வருகிறது. கண்ணுக்கும் மனத்துக்கும் இதமளிக்கும் இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இவ்விதம் அமைக்கப்படும் குளங்கள் பல, முதல் ஆண்டு முடியுமுன்னரே சீர்கெட்டு விடுகின்றன. நீர் பச்சை பூக்கிறது. செடிகள் வேருடன் கிளறப்பட்டு மிதக்கின்றன. ஒருநாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. அப்பொழுது ஒரு சாரார், "கோய் இருக்குமிடத்தில் செடி ஆகாது, சிமெண்டுத் தொட்டியும் யந்திரமுமே தக்கவை" என்கின்றனர். மற்றொரு சாரார், "இன்னும் அதிகமாய்ச் செடி வைத்திருந்தால் இயற்கையே எல்லாவற்றையும் கவனித்துக் கொண்டிருக்கும்" என்கின்றனர். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் பிழையானவை. இத்தகைய குளங்கள் கெடுவதற்கு முதற்காரணம் செடியன்று, யந்திரமின்மையுமன்று. குளம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மீன்களை விடுவதே காரணம்.

கோயின் பூர்விகம்

கோய் என்பது உணவுக்காக வளர்க்கப்படும் சாதாக் கெண்டையின் நிறம் மாறிய வகையேயன்றி வேறன்று. ஜப்பானில் நிகாட்டா மாவட்டத்து மலைச்சாரலில், படிப்படியாய் அமைந்த நெல் வயல்களுக்கு நீர் தேக்கும் குட்டைகளில், உழவர்கள் கெண்டை வளர்த்து வந்தனர். கடும்பனி பெய்து ஊர் அடைபடும் குளிர்காலத்தில் அதுவே அவர்களுக்கு உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குட்டைகளிற் சிவப்பும் வெளுப்புமான குஞ்சுகள் சில தோன்றின. உழவர்கள் அவற்றை உண்ணாமல் பிரித்து வைத்து, தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி இனம் பெருக்கினர். 1914-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த பெருங்கண்காட்சியில் அவை வைக்கப்பட்ட பின்னரே ஜப்பான் முழுவதும் அவற்றை அறிந்தது.

ஆகவே இந்த மீன் அரண்மனைத் தொட்டியிற் பிறந்ததன்று. நெல் உழவனின் சேற்றுக் குட்டையிற் பிறந்தது. இன்றும் அம்மாவட்டத்தில், தேர்ந்தெடுத்த கோய்களைக் கோடையில் மண்குட்டைகளில் விட்டு வளர்த்து, இலையுதிர் காலத்திற் பிடித்து உள்தொட்டிகளுக்குக் கொண்டு போகின்றனர். மண்ணும் பாசியும் சிறு ஜந்துக்களும் நிறைந்த நீரில் அவை நன்றாய்ப் பருத்து நிறமேறுகின்றன. ஆனால் அங்கே பெரிய குட்டையில் வளர்ந்த மீன்கள் சிலவே விடப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கைக் குளம் என்று சொல்லி, முழங்காலளவு நீரில் முப்பது மீன்களை அடைப்பவர் இந்தப் பாதியை மறந்து விடுகின்றனர்.

நீரினுள் நடப்பது

மீன் உண்ட உணவின் சத்தில் ஒரு பகுதி, செவுள் வழியாய் அம்மோனியா என்னும் நஞ்சாக வெளிப்படுகிறது. மலமும், உண்ணாது எஞ்சிய தீனியும், உதிர்ந்த இலையும் அழுகுவதாலும் அதுவே உண்டாகிறது. கல்லிலும் சரளையிலும் படிந்து வாழும் ஒருவகை நுண்கிருமிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கொடியவை. மூன்றாவது அவ்வளவு தீங்கற்றது. செடிக்கோ அது நல்ல உரம். இந்தக் கிருமிகள் புதுக்குளத்தில் நிலைபெறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் நாளே மீன்களை நிரப்பினால் நேரிடும் சாவுக்கு இதுவே காரணம்.

அம்மோனியாவின் கொடுமை நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி உஷ்ணத்தில், நீரின் பி.எச். 7-ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சாய் நிற்கும். 8-ஆனால் ஏறக்குறைய 5 பங்கு. 9-ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பச்சை பூத்த நீரில், பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால், பிற்பகலில் இந்த அளவு உயரும். இரவிலோ அதே பாசியும் செடிகளும் மீன்களும் சேர்ந்து பிராணவாயுவைச் செலவிடுகின்றன. ஆதலால் நெருக்கமான குளத்தில் வாழும் மீனுக்குப் பிற்பகலில் நஞ்சும், விடியற்காலையில் மூச்சுமுட்டலும் மாறி மாறி நேருகின்றன. இதற்கு மருந்து கடையில் இல்லை.

நம் சமவெளியின் வெப்பத்தையும் மறக்கலாகாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரையே தாங்கும். கோய்க்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருத்தல் நலம். நாலரை அடி ஆழமும், குளத்தின் மேல் பாதிக்குக் குறையாத நிழலும் வேண்டும் என்பது இதனாலேயே. நிழலுக்காகப் புளியையோ வேம்பையோ குளத்தின்மேல் கவிய விட்டால், உதிரும் இலை அடியில் அழுகும், பந்தலே ஏற்றது.

செடியின் வேலையும் எல்லையும்

செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சுகின்றன; பாசிக்கு உணவில்லாமற் செய்கின்றன; நிழல் தருகின்றன. அவற்றின் வேர்களில் நுண்கிருமிகள் குடியேறுகின்றன. ஆனால் இரவில் அவை பிராணவாயுவைத் தருவதில்லை, கொள்கின்றன. மேலும், கோய் சேற்றைக் கிளறி இரை தேடும் மீன். அதன் வாயின் இருபுறமுள்ள மீசைகள் அதற்காகவே அமைந்தவை. இளந்தளிரைத் தின்னும், நட்டதைப் பிடுங்கும். இது அதன் குற்றமன்று, சுபாவம்.

ஆதலால் செடியையும் மீனையும் ஒரே நீரில், ஆனால் தனித்தனி இடத்தில் வைப்பதே முறை. மீன் வாழும் ஆழக்குளத்தின் அருகே, அதன் பரப்பில் மூன்றிலொரு பங்களவுக்கு, ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழமுள்ள செடிப்பாத்தி கட்டவேண்டும். குளத்தின் அடிநீரைப் பம்பினால் இழுத்து, முதலில் ஒரு சிறு தொட்டியிற் கசடு படியவிட்டு, பின்னர் சரளை பரப்பிய பாத்தியின் வழியே ஓடச்செய்து, மீண்டும் குளத்தில் அருவிபோல் விழச்செய்ய வேண்டும். கசடு படியும் தொட்டியைத் தவிர்த்தால் சரளை விரைவில் அடைத்துக் கொள்ளும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை குளத்து நீர் முழுதும் பாத்தியைச் சுற்றி வருதல் போதும். இரவிலும் பம்பு நிற்கலாகாது. உண்மையில் இரவிலேதான் அது மிகவும் தேவை. மின்சாரம் தடைப்படும் ஊர்களில் பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கவேண்டும்.

பாத்திக்குக் கல்வாழை, வசம்பு, வெட்டிவேர், கோரை ஆகியவை ஏற்றவை. நம் ஊர்களில் எளிதிற் கிடைப்பவை. அல்லியை ஆழக்குளத்திலேயே வைக்க விரும்பினால், அகன்ற தொட்டியில் நட்டு, மீனின் வாய்க்குள் அடங்காத பெரிய கற்களால் மண்ணை மூடவேண்டும். தாமரையைத் தனித்தொட்டியில் வளர்த்தலே உத்தமம். வேலம்பாசியைக் கோய் தின்றுவிடும். வேறு தொட்டியில் வளர்த்து, கீரைபோல் அவ்வப்போது இடலாம். வெங்காயத்தாமரை நீரைத் தெளியச் செய்வது உண்மையே. எனினும் அது வாய்க்காலுக்குத் தப்பினால் ஊர் ஏரியையே மூடிவிடும். ஆகையால் அதை விலக்குவது நலம். வாடிய இலைகளை வாரந்தோறும் அறுத்து வெளியேற்ற வேண்டும். அறுக்காமல் விட்டால் செடி உறிஞ்சிய சத்து அழுகி மீண்டும் நீருக்கே திரும்பும்.

எத்தனை மீன்?

கடையில் மூன்று அங்குலமாய் வாங்கும் குஞ்சு, சில ஆண்டுகளில் இரண்டடி நீளம் வளரக்கூடியது. நன்கு பேணினால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். ஆதலால் வாங்கும்போதுள்ள அளவைக் கொண்டு கணக்கிடலாகாது.

கணக்கு எளியது. நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அடிக்கணக்கிற் பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். பன்னிரண்டு அடி நீளமும், பத்தடி அகலமும், நாலரை அடி ஆழமுமுள்ள குளத்தில் 540 கன அடி, அதாவது ஏறக்குறைய 15,000 லிட்டர் நீர் நிற்கும். வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர் போதுமெனப் பலர் கூறுவர். சிறந்த வடிகட்டும் யந்திரமும் நாள்தோறும் கவனிப்பும் உள்ள இடத்துக்கு அது பொருந்தலாம். செடிப்பாத்தியை நம்பியிருக்கும் குளத்துக்கு 2,000 லிட்டருக்குக் குறையாமல் ஒதுக்குவதே விவேகம். அப்படியானால் மேற்கண்ட குளத்துக்கு ஏழு மீன். ஆறாயின் இன்னும் நன்று. "இவ்வளவு பெரிய குளத்தில் ஆறு மீன்தானா?" என்று காண்பவர் கேட்கலாம். ஒரு குழி நிலத்தில் எத்தனை தென்னை வைக்கலாம் என்று அறிந்த விவசாயி அவ்வாறு கேட்கமாட்டார்.

உணவு

கெண்டையினத்துக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. ஆகவே ஒருவேளை மிகுதியாய் இடுவதைவிட, சிறிது சிறிதாய் இருவேளை இடுவது நல்லது. ஐந்து நிமிஷத்தில் உண்டு முடிக்கும் அளவே போதும். வருகிற விருந்தினரெல்லாம் கோவில் தெப்பக்குளத்தில் இடுவதுபோல் பொரியும் சோறும் வாரி இறைப்பதை அனுமதிக்கலாகாது. மேகம் மூடி இறுக்கமாயுள்ள நாட்களில் தீனியைக் குறைக்கவேண்டும். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில், நீரின் உஷ்ணம் 10 டிகிரிக்குக் கீழ் இறங்கும்போது அறவே நிறுத்த வேண்டும்.

வாரம் ஒருமுறை நீரிற் பத்திலொரு பங்கை மாற்றுதல் அவசியம். குழாய் நீரில் குளோரின் இருக்குமாயின், அதை முறித்த பின்னரே விடவேண்டும். வெளியேற்றிய நீரைச் சாக்கடையில் விடுவது வீண். வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாய்ச்சினால் அதிலுள்ள சத்து பயிருக்குச் சேரும். உப்போ மருந்தோ கலந்த நீரை மட்டும் பாய்ச்சலாகாது.

வியாதி

மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலும், உடலைக் கல்லில் உராய்ந்தாலும், துடுப்புகளை ஒடுக்கி ஒதுங்கி நின்றாலும், முதலிற் சோதிக்கவேண்டியது நீரை. அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்க்கும் எளிய கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. இதைச் செய்யாமல் குளம் முழுவதும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கொட்டுவது பெருந்தவறு. நீரைத் தூய்மை செய்யும் நுண்கிருமிகளும் செடிகளும் அதனாற் கெடும். உப்பும் செடிக்கு ஆகாது. சிகிச்சை வேண்டிய மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 3 கிராம் உப்புச் சேர்த்து, காற்றுச் செலுத்திப் பேணுவதே சரியான வழி.

மீன் பேனும் நங்கூரப் புழுவும் பெரும்பாலும் புதிதாய் வாங்கிய மீனோடும் செடியோடுமே வருகின்றன. அவற்றினும் கொடியது கோய் ஹெர்ப்பிஸ் என்னும் தொற்று. 1998-இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் அது கூட்டங்கூட்டமாய் மீன்களை மாய்த்தது. 2003-இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியிற் புகுந்து, அங்கு வளர்த்த கெண்டைகளை அழித்தது. அதற்குச் சிகிச்சை கிடையாது. பிழைத்த மீன் நலமாய்த் தோன்றினும் நோயைச் சுமந்திருக்கக்கூடும். ஆகையால் புதிய மீனை நான்கு வாரங்களாவது தனித்தொட்டியில் வைத்து, அதற்கென்று தனி வலையும் வாளியும் கையாள வேண்டும். அடிக்கடி மீன் வாங்காதவரின் குளத்தில் இவ்வாபத்து குறைவு. மீன்கள் குறைவாயிருப்பதன் மற்றொரு நன்மை இது.

மிகுந்த மீனை என்செய்வது?

நெருக்கம் கண்டபின் சிலர் மிகுந்த மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடுகின்றனர். இது தயையென்று எண்ணிச் செய்யும் தீங்கு. சாதாக் கெண்டை இந்நாட்டுக்கு உரியதன்று. 1939-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆறுகளில் பரவிய கெண்டை, அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்ச்செடிகளையும் அந்நாட்டு மீன்களின் வாழ்விடத்தையும் கெடுத்து வருகிறது. தோட்டத்திலிருந்து செல்லும் கோயும் அதே இனமே. அதனோடு அதன் நோயும் செல்லும். மிகுந்த மீனை, இடமுள்ள வேறொரு குளத்துக்காரரிடமோ விற்பனையாளரிடமோ ஒப்படைப்பதே முறை.

குளம் அமைக்க எண்ணுவோர், மீன் கடைக்குச் செல்லுமுன் அளவுகோலை எடுத்துக் குளத்தை அளக்கட்டும். பாத்தியிற் செடிகள் வேர்பிடித்த பின்னர் இரண்டே மீன்களுடன் தொடங்கட்டும். நீரைச் சோதித்துச் சோதித்து, மாதம் ஒன்றாய்க் கணக்கிட்ட அளவு வரை கூட்டட்டும். அதற்குமேல் ஒரு மீன் எவ்வளவு அழகாயிருப்பினும், அதைக் கடையிலேயே விட்டு வருவது, குளத்தில் ஏற்கெனவே உள்ளவற்றுக்குச் செய்யும் உபகாரமாகும்.