வளர்த்தவருக்கும் வழக்காட இடம் வேண்டும்

மனைவியின் முதல் விவாகத்துக் குழந்தையை மூன்று வயதிலிருந்து வளர்த்து, நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்து, ஜுரம் கண்ட இரவுகளில் நெற்றியில் ஈரத்துணி மாற்றி, கொச்சியின் வைட்டிலாச் சந்திப்பு நெரிசலில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஒருவர், அந்தத் தாம்பத்தியம் முறிந்த மறுநாளே அக்குழந்தைக்கு வழிப்போக்கராகிவிடுகிறார் என்றால், அதற்கு நம் சட்டங்களே பெரிதும் காரணம்.

1956ஆம் ஆண்டின் ஹிந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தை தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கார் என்று விளக்கம் எழுதியே விலக்கி வைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டமோ, எந்தப் பெற்றோரின் விவாகம் வழக்கில் இருக்கிறதோ அவர்களுடைய குழந்தைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டத்தில் உறவினரும் நண்பரும் மனுச் செய்யலாம் என்றிருப்பது மெய்தான். ஆனால் அது கார்டியன் நியமனத்துக்கான மனு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறவர், ஏழெட்டு வருஷம் 'அப்பா' என்று அழைக்கப்பட்ட பின், நண்பர் என்ற பெயரில் நீதிமன்றத்துக்குள் நுழைந்து, பெற்ற தாயின் அதிகாரம் முழுவதையும் எதிர்த்து வழக்காட நேர்வது விபரீதம்.

வளர்த்தவருக்கு மனுச் செய்ய இடம் கொடுத்தால், முறிந்த விவாகத்தின் பகையைத் தொடர அது ஒரு சாக்காகிவிடும் என்ற ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டில், மூன்றாமவர் குழந்தையைப் பார்க்கக் கோரும்போது தகுதியுள்ள பெற்றோரின் தீர்மானத்துக்கு விசேஷ மதிப்புத் தரவேண்டும் என்றது. ஆகையால் நாம் கோருவது மனுச் செய்யும் யோக்கியதை ஒன்றையே. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: சில வருஷங்களாவது கூடவே இருந்து வளர்த்திருக்க வேண்டும், கொடுமை செய்தவராக இருத்தலாகாது, விவரமறிந்த குழந்தையாயின் அதன் விருப்பத்தை நீதிபதி தனியே கேட்டறிய வேண்டும். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், குடும்பத்துக் குழந்தையாக ஏற்று வளர்த்த கணவனுக்கும் மனைவிக்கும் இந்த யோக்கியதையைக் கொடுத்தே இருக்கிறது.

தாய்மாமனே குழந்தைகளை ஆளாக்கிய மருமக்கத்தாயத்தைப் பல தலைமுறை கண்ட கேரளத்துக்கு இது புதுமையாகத் தோன்ற நியாயமில்லை. தரவாட்டுக் கூட்டுக் குடும்பத்தை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடித்துவைத்த சட்டசபைக்கு, விவாகமும் மைனர்களும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால், இதற்கும் அதிகாரம் உண்டு; மத்திய சட்டத்தோடு முரண்படுமிடத்தில் ஜனாதிபதியின் சம்மதம் பெறவேண்டியிருக்கும், அவ்வளவே. அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவருமாறு கேரள அரசை வேண்டுகிறோம்.