நாயின் ஜாதியும் எஜமானரின் பொறுப்பும்

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றுக்குள், அங்கே காவல் பார்த்து வந்தவரின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை ராட்வைலர் நாய்கள் இரண்டு பாய்ந்து குதறியதும், மீட்கப்போன தாயும் கடிபட்டதும், குழந்தையின் தலைக்காயம் பிளாஸ்டிக் சர்ஜரி வரையில் போனதும் நகரத்தையே சில நாட்கள் உலுக்கிய செய்திகள். அந்தச் சில நாட்களும் வாய்க்கு வாய் எழுந்த கேள்வி, இது என்ன ஜாதி நாய், இதை ஏன் இன்னும் தடை செய்யவில்லை என்பதுதான். அப்படிப்பட்ட பிராணிகள் கயிறுமின்றி, வாய்மூடியுமின்றி ஒரு பொதுப் பூங்காவுக்குள் வர நேர்ந்தது எங்ஙனம், அதைத் தடுக்கக் கடமைப்பட்ட ஸ்தல ஸ்தாபனம் அதுவரையில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியைக் கேட்டவர் சிலரே.

ஜாதிப் பட்டியல் ஒன்று அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே தயாராக இருந்தது. மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை அவ்வாண்டு மார்ச் 12-ஆம் தேதி மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், பிட்புல், ராட்வைலர், மாஸ்டிப் முதலாக 23 வகை நாய்களை மனித உயிருக்கு ஆபத்தானவை என்று குறிப்பிட்டு, அவற்றின் இறக்குமதி, விற்பனை, இனப்பெருக்கம் ஆகியவற்றைத் தடுக்கச் சொல்லியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் அபிப்பிராயத்தைக் கேளாமல் பிறப்பித்தது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் மாதத்திலேயே அதை ரத்து செய்துவிட்டது. ஆயிரம் விளக்குச் சம்பவத்தின் சூட்டில் நம்முடைய மாநிலத்து அதிகாரிகளும் அதே பட்டியலை எடுத்து வெளியிட்டு, வெளியிட்ட கையோடு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தடை கோருகிறவர்களின் வேதனையில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனால் பட்டியல் போடுவது நிர்வாகத்தின் சோம்பலுக்கு நாம் சூட்டும் கௌரவமான பெயர் என்பதே என் துணிபு.

இந்த வழியில் நமக்கு முன்னே நெடுந்தூரம் நடந்து பார்த்த தேசம் பிரிட்டன். அங்கே 1991-ஆம் ஆண்டில், நாய்கள் குழந்தைகளைக் கடித்த சம்பவங்கள் பத்திரிகைகளை நிரப்பிய ஒரு கோடையில், பார்லிமெண்டு அவசர அவசரமாக அபாயகரமான நாய்கள் சட்டத்தை நிறைவேற்றி, பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜெண்டினோ, பிலா பிரேசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. பிட்புல் என்பது கலப்பினமாகையால், பிடிபட்ட நாய் அந்த வகையைச் சேர்ந்ததா இல்லையா என்பதை அதன் நடத்தையைக் கொண்டு அல்லாமல், மண்டையின் அகலம், கால்களின் நீளம், மார்பின் அமைப்பு ஆகியவற்றை அளந்து பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய விபரீதம் நீதிமன்றங்களுக்கு ஏற்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தன. சட்டம் இயற்றியவர்கள் கனவிலும் காணாத எக்ஸ்.எல். புல்லி என்ற புதியதொரு வகை பெருகி, மனிதர்களைக் கொன்று, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பட்டியலில் ஐந்தாவது பெயராக ஏறியது. நான்கைத் தடுத்த சட்டத்தால் ஐந்தாவது உருவாவதைத் தடுக்க முடியவில்லை.

இங்கேயும் அதே கதைதான் நடக்கும். தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கி நிற்கும் நாட்டு நாயின் மூர்க்கம் அந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்குத் தெரியும்; டில்லியில் தயாரான 23-இல் அதன் பெயரைக் காணோம். அதையும் சேர்க்கவேண்டும் என்பது என் வாதமன்று. நாலு பேர் நடமாடும் இடத்தில் பட்டி கழற்றிவிடப்பட்ட எந்தப் பெரிய நாயும் ஒரு குழந்தைக்கு ஆபத்துத்தான் என்பதும், கழற்றிவிடும் கை மனிதனுடையது என்பதுமே நான் சொல்ல வருவது.

அந்தக் கையைப் பற்றி நம்முடைய சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்க்கப்போனால் ஏமாற்றமே மிஞ்சும். தன் பொறுப்பிலுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறியவனுக்கு, 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு ஆறு மாதம் வரையில் சிறையோ, ஆயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு அதே வாசகத்தை வைத்துக்கொண்டு அபராதத்தை மட்டும் ஐயாயிரமாக உயர்த்திற்று. சென்னை மாநகராட்சியோ 2025-ஆம் ஆண்டின் இறுதியில், உரிமம் பெறாமல் நாய் வளர்ப்போருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. காகிதம் வாங்காத குற்றத்துக்கும், நாயை அஜாக்கிரதையாக விட்டு ஜனங்களின் உயிரோடு விளையாடிய குற்றத்துக்கும், சிறைவாசம் ஒருபுறமிருக்க, உச்ச அபராதம் ஒன்றே என்ற இந்த விசித்திரத்தை எந்தச் சட்டசபையும் யோசித்துச் செய்திருக்காது.

இருந்தபோதிலும் மாநகராட்சியின் அந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். உரிமக் கட்டணம் ஆண்டுக்கு ஐம்பது ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும். நாயின் தோளெலும்புகளுக்கு நடுவே, தோலுக்கடியில், அரிசிமணியளவான மைக்ரோசிப் ஒன்றை ஊசியால் செலுத்துவார்கள். ஸ்கானரை அருகே கொண்டுபோனால் பதினைந்து இலக்கங்கள் தெரியும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதரின் பெயரும் விலாசமும் இருக்கும். நாய் கடித்த மறுகணமே 'அது எங்கள் வீட்டு நாயே அல்ல' என்று கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எனினும் உரிமம் பெறுவதற்கான கெடு நீட்டிக்கப்பட்டு, மறுபடியும் நீட்டிக்கப்பட்டதைக் கண்ட ஜனங்கள், அரசாங்கத்தின் கெடு என்றால் இவ்வளவுதானே என்ற பழைய முடிவுக்கே வந்திருந்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிரிட்டனில் நாய் லைசென்ஸ் 37 பென்னியில் நின்று, எவரும் பொருட்படுத்தாத சடங்காகி, 1987-இல் ஒழிக்கப்பட்டது. அதே தேசம் 2016-இல் மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது.

பணக்காரர் வீட்டு நாய்க்கு ஐயாயிரம் ஒரு பொருட்டன்று. கடிபட்டவனின் வைத்தியச் செலவோ லட்சத்தைத் தொடும். நஷ்டஈடு கோரிச் சிவில் வழக்குத் தொடுக்கலாம் என்பார்கள். இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்த பழைய நியாயப்படி, சிங்கம் வளர்ப்பவன் அது செய்யும் தீங்குக்குக் கேள்வியின்றிப் பொறுப்பாளி. நாய் வளர்ப்பவனோ, தன் நாய் கடிக்கக்கூடியது என்பதை அவன் முன்கூட்டியே அறிந்திருந்தான் என்றோ, அஜாக்கிரதையாக இருந்தான் என்றோ வாதி நிரூபித்தாலன்றிப் பொறுப்பாகான். தினக்கூலி வாங்கும் ஒரு தகப்பன் இந்த நிரூபணத்துக்கு எத்தனை வாய்தாக்கள் அலைவான்? தெருவில் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லும் சட்டம், நாற்பது கிலோ எடையுள்ள காவல் நாயை அதே தெருவில் நடத்திச் செல்வதற்கு ஏன் அதைக் கேட்கக்கூடாது? பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட வகை நாயை விலக்குச் சான்றுடன் வைத்துக்கொள்வதற்கும், காட்டு மிருகம் வளர்க்க ஸ்தல ஸ்தாபனத்திடம் லைசென்ஸ் பெறுவதற்கும் அவ்விதக் காப்பீடு நிபந்தனையாக இருக்கிறது.

கட்டுப்பாடு என்றவுடனே ஜீவகாருண்யத்துக்கு விரோதம் என்று பதறுகிற நண்பர்கள் ஒன்றை நினைவுகொள்ள வேண்டும். கலாக்ஷேத்திராவை ஸ்தாபித்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாக உருவான 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிராணியை அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உலாவ அழைத்துப் போகாமல் விடுவதையும் குற்றமென்று சொல்லுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில், துணி காயும் கம்பிக்குக் கீழே, இரண்டு முழச் சங்கிலியில் பகலெல்லாம் கிடந்து குரைக்கும் நாய்தான், ஒருநாள் கதவு திறந்திருக்கும்போது லிப்டுக்குள் பாய்ந்து அயல்வீட்டாரைக் கடிக்கிறது. பிராணிக்கு இழைக்கும் கொடுமையும் அண்டை வீட்டாருக்கு விளைவிக்கும் அபாயமும் ஒரே வீட்டில்தான் ஆரம்பமாகின்றன. முதல் தடவை அகப்பட்டவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்குள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜாதிப் பட்டியலைப் பற்றிய விவாதத்தை நீதிமன்றங்களுக்கு விட்டுவிடுங்கள். உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களிடம் இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் கேட்கும்படி விதியைத் திருத்துவதற்கு ஆவன செய்யுங்கள். 200 வார்டுகளிலும் சுகாதார ஆய்வாளர் கையில் ஸ்கானர் ஒன்றும் ரசீதுப் புத்தகம் ஒன்றும் கொடுத்து, காலை ஆறு மணிக்கு, நாய்கள் வீதிக்கு வரும் வேளையில், அவரையும் வீதிக்கு அனுப்புங்கள். வசூலான அபராதத்தையும் பதிவான கடிகளையும் வார்டுவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள்.