திறந்த மூலம், ஆனா மூண்டு வாசல்தான்

விஎஸ் கோட் திறந்த மூலம் எண்டு பெருமையாச் சொல்லுறம். 2015இல் மைக்ரோசொஃப்ட் அதன் நிரலை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது உண்மைதான். ஆனா அவர்கள் கட்டித் தருவது விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றுக்கும் மட்டும். யுனிக்ஸ் பரம்பரையில் நேரடியாக வந்த ஃப்ரீபிஎஸ்டிக்கு? நிரல் இருக்குத்தானே, நீங்களே கட்டுங்கோ எண்ட கதைதான்.

கட்டிப் பார்த்தால் விளங்கும். விஎஸ் கோட் இலக்ட்ரோனில் நிற்குது, இலக்ட்ரோன் குரோமியத்தில் நிற்குது. ஒரு எடிட்டருக்காக ஒரு முழு பிரவுசரையே கொண்டுவர வேணும். சாண்ட்பொக்ஸுக்கு லினக்ஸில் செக்கொம்ப், ஃப்ரீபிஎஸ்டியில் கப்சிகம். இப்படி இடத்துக்கிடம் வேறுபாடு. அதற்கான நூற்றுக்கணக்கான பட்ச்களைத் தொண்டர்கள் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் திரும்பத் தைக்கினம்.

மூலத்தில் சேர்த்தால் பராமரிக்க வேணும் எண்டு சொல்லுவினம். சரி. ஆனா அந்தச் சுமை இப்பவும் இருக்கு, சுமக்கிற தோள்தான் வேறு.

1991இல் அமிகாவில் வெளிவந்த விம், அடுத்த வருடமே யுனிக்ஸுக்குப் போனது. வெவ்வேறு இயங்குதளங்களுக்கான நிரல் அதன் மூலத்துக்குள்ளேயே இருக்குது. ஆக, ஏலாத வேலை இல்லை.

உரிமத்தை மட்டும் பார்த்துக் கைதட்டாதேங்கோ. வெளியாள் அனுப்பின திருத்தம் உள்ளே போகுமா எண்டும் கேளுங்கோ.