நீலத் திரையை விடுங்கள்

சேர்வராயன் மலை அடிவாரத்துப் பள்ளியானாலும் சென்னைப் பள்ளியானாலும், 2019இல் பைத்தான் வரும்வரை பிளஸ் டூ மாநிலப் பாடநூலின் சி பிளஸ் பிளஸ் நிரல்கள் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’ என்றே தொடங்கின. டர்போ சி பிளஸ் பிளஸ் என்ற பழைய கம்பைலர் அவற்றை ஓட்டும். இன்றைய ஜிசிசி கம்பைலர் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

டர்போ 3.0 1990களின் தொடக்கத்தில் வந்தது. அலெக்சாண்டர் ஸ்டெப்பனோவின் டெம்ப்ளேட் நூலகத்தை சி பிளஸ் பிளஸ் தரக் குழு ஏற்றதோ 1994இல். மொழித்தரம் வெளியானது 1998இல். பிறகு அந்த நூலகத்தின் ‘வெக்டர்’ என்றால் டர்போ விழிக்காமல் என்ன செய்யும்? அதே 1998இல் வந்த விஷுவல் சி பிளஸ் பிளஸ் 6.0கூட டெம்ப்ளேட் விதிகள் சிலவற்றில் தடுமாறியது.

இப்படிப் பழைய கருவியில் பழகிய மாணவரைக் குறைசொல்வது அநியாயம்.

ஜிசிசி இலவசம். சி பிளஸ் பிளஸ் செய்முறைத் தேர்வு அதைக் கேட்டாலே போதும், டர்போவின் நீலத் திரையில் ஊறிய ஆய்வகங்கள் அடுத்த பருவத்துக்குள் மாறிவிடும்.